தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் இல்லாத இரண்டு மாவட்டங்கள் இவை. அதனால் டைவிங் போகிறவர்களுக்கு வரும் சந்தேகங்களில் பாதி கடலைப் பற்றியது, மீதி போக்குவரத்தையும் லீவையும் பற்றியது. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில்.

நீச்சல் தெரியாது. டைவ் பண்ண முடியுமா?

அறிமுக டைவ் பண்ணலாம். இன்ஸ்ட்ரக்டர் கடைசிவரை உங்களைப் பிடித்தபடியே அழைத்துப்போவார். ஆழம் 12 மீட்டருக்குள்தான். சான்றிதழ் தரும் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் சேர வேண்டுமானால் நீச்சல் கட்டாயம்: நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் பார்க்கமாட்டார்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் நீருக்குள் பதறுவது பெரும்பாலும் மூக்கில் தண்ணீர் படும்போதுதான். அதை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். ஓர் அகலமான அண்டாவில் தண்ணீர் நிரப்புங்கள். மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடும் டைவிங் கண்ணாடி) இல்லாமல், ஸ்நார்க்கல் என்ற மூச்சுக் குழாயை மட்டும் வாயில் கவ்வி, முகத்தை அமிழ்த்தி வாயால் மூச்சு விடுங்கள். முதல் சில தடவை மூக்கு தானாக உறிஞ்சப் பார்க்கும், இருமல் வரும். ஐந்து நிமிடம் அமைதியாக முகத்தை வைத்திருக்க முடிந்துவிட்டால், கடலில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் பதற்றம் வராது.

கிணற்றில் நன்றாக நீந்துவேன். அடிமட்டம் வரை போய்க் கல் எடுத்து வருவேன். அது உதவுமா?

தண்ணீர் பயம் இல்லாதது பெரிய பலம். ஆனால் கிணற்றில் வந்த பழக்கம் ஒன்றைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். மூச்சை அடக்கும் பழக்கம் அது. ஸ்கூபாவில் மூச்சை எப்போதுமே அடக்கக் கூடாது.

காரணம் இது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே டேங்க்கிலிருந்து இழுத்த 3 லிட்டர் காற்று, நீங்கள் மேலே வரும்போது 6 லிட்டராக விரியும். வாயைத் திறந்து விட்டுக்கொண்டே வந்தால் அது பாட்டுக்கு வெளியேறும். அடக்கினால் நுரையீரல் கிழியும். இது ஆழத்தில் மட்டும் நடப்பதும் அல்ல. நெஞ்சு நிறையக் காற்றோடு ஒன்றரை மீட்டரிலிருந்து மேலே வந்தாலே காயம் ஏற்படலாம். கிணற்றில் நீங்கள் மேலேயே மூச்சை இழுத்துக்கொண்டு போவதால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை.

டைவிங்குக்குப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு கிணற்றில் தனியாக மூச்சடக்கிப் பழகாதீர்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால், மூச்சு முட்டும் உணர்வே வராமல் நினைவு தப்பிவிடும். ஒகேனக்கல் ஆற்றிலும் பயிற்சி வேண்டாம். பாறையும் இழுப்பும் சேர்ந்த இடம் அது. நீச்சல் குளம் போதும்.

காது வலிக்குமா?

சரியாகச் செய்தால் வலிக்காது. முதல் டைவைப் பாதியில் விட்டு மேலே வருபவர்களில் பலர் காதுவலியால்தான் வருகிறார்கள், அதுவும் காதின் அழுத்தத்தைத் தாமதமாகச் சமன் செய்வதால். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது காது அடைக்கிறதே, அதே விஷயம் கடலில் சில விநாடிகளில் நடக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மென்மையாக மூக்கு வழியே ஊத வேண்டும். இதை நீருக்குள் தலை போனவுடனே ஆரம்பித்து, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்யுங்கள். வலி வந்தபின் ஊதினால், காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஏற்கெனவே இறுகியிருக்கும், திறக்காது. அப்போது பலமாக ஊதினால் செவிப்பறைக்கே ஆபத்து. ஒரு மீட்டர் மேலே வந்து, வலி போனபின் மறுபடி முயலுங்கள். தலைகீழாக இறங்காமல் கால் கீழே இருக்குமாறு இறங்கினால் காது சுலபமாகத் திறக்கும்.

சளி பிடித்திருந்தால் அன்று டைவ் வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். மருந்தின் வேகம் அடியில் இருக்கும்போது தீர்ந்துபோனால், மேலே வரும்போது சைனஸில் காற்று மாட்டிக்கொள்ளும். இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம், ஏறும்போது வலித்தால் வேறு வழியே இல்லை.

எங்கே போகலாம், எந்த மாதம்?

அந்தமானில் நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பொங்கல் லீவும் ஏப்ரல் பள்ளி விடுமுறையும் அதில் அடங்கிவிடும். மே நடுப்பகுதிக்குமேல் தென்மேற்குப் பருவமழை அங்கே முதலில் தொடும், படகுகள் ரத்தாகும். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக்குக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. போர்ட் பிளேரில் தமிழ் பேசுபவர்கள் நிறைய உண்டு. தமிழில் சொல்லிக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர் வேண்டும் என்று முன்பதிவிலேயே கேளுங்கள். பயத்தோடு இருப்பவருக்கு அது எவ்வளவோ பெரிய உதவி.

லட்சத்தீவுக்கு இந்தியர்களும் அனுமதி வாங்க வேண்டும், கொச்சி வழியாகப் பயணம். அக்டோபர் முதல் மே முதல் பாதி வரை.

மாலத்தீவுக்கு இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அங்கே இறங்கியதும் சுற்றுலா அனுமதி இலவசம். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பயண விவரம் பதிய வேண்டும். பொழுதுபோக்கு டைவிங்குக்கு அங்கே சட்டப்படி ஆழ வரம்பு 30 மீட்டர். மது எடுத்துப்போகக் கூடாது.

வார இறுதிக்கு என்றால் புதுச்சேரி, அல்லது பெங்களூரு வழியாகக் கர்நாடகக் கரையில் முருதேஸ்வரை ஒட்டிய நேத்ராணித் தீவு. நேத்ராணி மழைக்காலத்தில் மூடப்பட்டிருக்கும். புதுச்சேரியில் வடகிழக்குப் பருவமழை காலத்திலும் அதற்குப் பின் சில வாரங்களும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். போகும் வாரத்தில் கண்ணுக்கு எத்தனை மீட்டர் தெரிகிறது என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

திட்டத்தைத் திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பலரும் போகும் நாளிலிருந்து எண்ணி, கடைசி நாள் காலையில் ஒரு டைவ், மாலையில் விமானம் என்று வைத்துவிடுகிறார்கள். அது ஆபத்தான திட்டம்.

ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்தபின் அது மெதுவாக, மணிக்கணக்கில் வெளியேறும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோலக் குறையலாம். நைட்ரஜன் வெளியேறி முடிவதற்குள் அந்தக் குறைந்த அழுத்தத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடலுக்குள் குமிழிகள் உண்டாகும். மூட்டு வலி, மரத்துப்போதல் முதல் பக்கவாதம் வரை போகக்கூடிய டிகம்ப்ரஷன் நோய் இதுதான்.

டைவிங் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் குறைந்தபட்சக் காத்திருப்பு: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம். எங்கள் யோசனை, எல்லாருக்கும் ஒரு முழுநாள்.

அந்தமானுக்கு நடைமுறையில் இப்படி வரும். முதல் நாள் விமானம், பிற்பகல் படகில் ஹேவ்லாக். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள் டைவ். ஐந்தாம் நாள் டைவ் இல்லை, படகில் போர்ட் பிளேர். ஆறாம் நாள் விமானம். படகு நாளே காத்திருப்பு நாளாகிவிடுகிறது. கடல் மோசமாகிப் படகு ரத்தானால் விமானத்தைத் தவறவிடாமல் இருக்கவும் அந்த நாள் கைகொடுக்கும். ஓப்பன் வாட்டர் கோர்ஸுக்கு மூன்று முதல் நான்கு நாள் பிடிக்கும் என்பதால், அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

காரில் திரும்பினால் காத்திருக்க வேண்டியதில்லையே?

இங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் தவறிப்போகிறார்கள். சுமார் 600 மீட்டருக்குமேல் ஏறினால், விமானத்துக்குச் சொன்ன அதே காத்திருப்பு சாலைக்கும் பொருந்தும். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஏறத்தாழ 450 முதல் 500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஓசூர் சுமார் 900 மீட்டர். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமும் மேட்டு நிலம்தான்.

புதுச்சேரியில் ஞாயிறு காலை டைவ் முடித்து, திண்டிவனம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாக அன்று மாலையே கிருஷ்ணகிரி வந்தால் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். அதே காரில் ஓசூர்வரை போனால் வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள். ஓசூர்க்காரர்கள் டைவைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் காலாற நடந்துவிட்டு மதியத்துக்குமேல் கிளம்பலாம். தர்மபுரி வந்து சேர்ந்த கையோடு வத்தல்மலைக்கோ ஏற்காட்டுக்கோ ஏறுவதும் கூடாது.

நேத்ராணியில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. கரையிலிருந்து பெங்களூரு வர எந்த வழியாக வந்தாலும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறியாக வேண்டும், ஏறியபின் மறுபடி இறங்குவதும் இல்லை. காலை இரண்டு டைவ், அன்று இரவே பஸ் என்பது பலரும் போடும் திட்டம். இரண்டு டைவுக்கு 18 மணி நேரம் வேண்டும், இரவு பஸ் அதற்குள் மலை ஏறிவிடும். இன்னொரு இரவு அறை வாடகை கொடுத்துத் தங்குங்கள். ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பி வந்த நண்பர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான். ஆகும்போது அந்த மலைப்பாதை பஸ்ஸில் ஆக்சிஜன் கிடையாது.

பெங்களூரு விமான நிலையமா, சென்னையா?

இரண்டு மாவட்டத்துக்கும் பெங்களூருதான் பக்கம். ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில் இருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டியதும் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசல் உங்கள் கணக்கை உடைக்கும். உள்நாட்டு விமானம் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து ஆறு மணி நேரம் முன்னதாக, தர்மபுரியிலிருந்து ஏழு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். விடியற்காலை விமானமாகப் பார்த்து எடுத்தால் இரவில் நெரிசல் இல்லாமல் போய்விடலாம்.

பி.பி., சுகர், ஆஸ்துமா இருந்தால்?

எந்த ஒழுங்கான டைவ் சென்டரும் இறங்குமுன் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தரும். அதில் சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று வந்தால் டாக்டர் கையெழுத்து வேண்டும். தீவில் போய் டாக்டரைத் தேடினால் ஒரு நாள் போய்விடும். முன்பதிவு செய்யும்போதே அந்தத் தாளை வாங்கி, ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் காட்டிக் கையெழுத்தோடு போங்கள்.

கட்டுக்குள் இருக்கும் பி.பி.க்குப் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய், காது ஆபரேஷன், நுரையீரல் சுருங்கிய வரலாறு, முன்பு டி.பி. வந்து நுரையீரலில் தழும்பு, இன்சுலின் போடும் சுகர் இவையெல்லாம் டாக்டர் தீர விசாரித்து முடிவு செய்ய வேண்டியவை. பணம் கட்டிவிட்டோமே என்று மறைத்து 'இல்லை' என்று டிக் அடிக்காதீர்கள். இன்ஸ்ட்ரக்டர் உங்கள் பதிலை நம்பித்தான் உங்களைக் கீழே கூட்டிப்போகிறார்.

கர்ப்பமாக இருந்தால் டைவிங் வேண்டாம், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். மாதவிடாய் நாட்களில் தாராளமாக இறங்கலாம். சுறா வரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

10 வயது முடிந்திருந்தால் கடலில் இறங்கலாம். 10, 11 வயதுக்கு ஆழம் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. பிள்ளை தானாக ஆசைப்பட வேண்டும் என்பதுதான் முதல் தகுதி.

டைவ் சென்டரை எப்படி நம்புவது?

போன் செய்து நான்கே கேள்வி கேளுங்கள். ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர்தான் நல்லது. படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? நேரே ஆழத்துக்கா, முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சி உண்டா? இன்ஸ்ட்ரக்டர் எந்த அமைப்பில் சான்று பெற்றவர் (பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போல), அவருடைய எண் என்ன?

ஆக்சிஜன் பற்றிக் கேட்டதும் மழுப்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள். இடுப்பளவுப் பயிற்சியில் மூன்று விஷயம் கட்டாயம் வர வேண்டும்: மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, டேங்க்கிலிருந்து வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டர் விழுந்தால் மறுபடி வைப்பது, கைச்சைகைகள். கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லக் கட்டைவிரலைக் காட்டி, பாதியில் மேலே வந்து சேர்ந்தவர்கள் நிறைய. 'சரி' என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். மீசை வேறு.

பவர் உள்ள மாஸ்க் பல சென்டர்களில் இருக்கும், உங்கள் பவரை முன்னதாகச் சொல்லுங்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸோடும் இறங்கலாம்.

மீசைதான் தண்ணீர் கசிய முதல் காரணம். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு மூக்குக்குக் கீழே தோலில் படிய வேண்டும். மூக்கை ஒட்டி அரை சென்டிமீட்டர் மட்டும் மழித்தால் போதும், மீசை முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. வாசலின் தடவாதீர்கள், அது சிலிக்கோனைக் கெடுக்கும். நெற்றியில் ஒரு முடி மாஸ்க்குக்குள் மாட்டினாலும் சொட்டுச்சொட்டாக ஏறும். முகத்தில் எண்ணெய் வழிந்தால் மாஸ்க் நழுவும், காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

தாலி, மெட்டி, அரைஞாண் கொடியெல்லாம்?

நீளமான தாலிச் சங்கிலி ஜாக்கெட்டின் கிளிப்பிலும் காற்றுக் குழாயிலும் மாட்டும். அவிழ்க்க மனமில்லாதவர்கள் பயண நாட்களுக்கு மட்டும் குட்டையான மஞ்சள் கயிற்றில் கோத்து, டி-ஷர்ட்டுக்கு உள்ளே, வெட்சூட்டுக்கு (உடலை ஒட்டிய ரப்பர் டைவிங் உடை) அடியில் வைத்துக்கொள்ளலாம். மெட்டி, ஃபின்னுக்குள் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) பக்கத்து விரலை அறுக்கும். கழற்றாவிட்டால் மெல்லிய சாக்ஸ் போடுங்கள். மோதிரம், வளையல் அறையிலேயே இருக்கட்டும்.

அரைஞாண் கொடிமேல் வெயிட் பெல்ட் (மூழ்க உதவும் எடைப் பட்டை) படிந்தால் முடிச்சு இருக்கும் இடம் கன்றிப்போகும். கொடியைச் சற்று மேலே ஏற்றி, வெட்சூட்டுக்கு உள்ளேயே விடுங்கள். வெளியே தொங்கினால் அவசரத்தில் பெல்ட்டை அவிழ்க்கும்போது சிக்கிக்கொள்ளும். பெண்களுக்கு உள்ளே போட லெகின்ஸும் முழுக்கை நைலான் டி-ஷர்ட்டும் வசதி. பருத்திச் சுடிதார் தண்ணீர் குடித்துக் கனக்கும்.

டேங்க்கில் காற்று எவ்வளவு நேரம் வரும்?

வழக்கமான அலுமினிய டேங்க் 11 லிட்டர், 200 பார் (தரையில் உள்ள காற்றழுத்தம் சுமார் 1 பார்) அழுத்தத்தில் நிரப்பியது. அதாவது சுமார் 2,200 லிட்டர் காற்று. 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்திருக்க வேண்டும் என்பதால், செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். பதற்றமில்லாத ஒருவர் தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுத்தால், 10 மீட்டரில் 40 லிட்டர். ஆக 40 நிமிடம். புதியவர்கள் கையைக் காலை அடித்துக்கொண்டு இதைவிடக் கூடுதலாக இழுப்பார்கள், 30 நிமிடத்தில் முடிந்தாலும் ஆச்சரியமில்லை. மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவது நல்ல வழக்கம்.

படகில் வாந்தி வந்தால்?

டைவுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி, வாழைப்பழம். பரோட்டா, பூரி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். வாந்தி மாத்திரை தூக்கம் வரவழைக்கும். அதனால் டாக்டரிடம் கேட்டு, ஊரில் ஒருநாள் போட்டுப் பார்த்து, உடம்பு தாங்குகிறதா என்று தெரிந்துகொண்டு எடுத்துப்போங்கள். படகில் நடுவில் உட்கார்ந்து, தூரத்துக் கடல்விளிம்பைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். நீருக்கடியில் குமட்டினால் ரெகுலேட்டரை எடுக்காமல் அதற்குள்ளேயே வாந்தி எடுக்கலாம், வெளியே போய்விடும்.

முந்தின இரவு மது வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். உடலில் நீர் வற்றியிருந்தால் டிகம்ப்ரஷன் ஆபத்து கூடும்.

இன்ஷூரன்ஸ்?

சாதாரணப் பயண பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கும், சிலவற்றில் ஆழ வரம்பு இருக்கும். 'ஸ்கூபா' என்ற சொல் பாலிசித் தாளில் எங்கே வருகிறது என்று தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பவளம், சங்கு கொண்டுவரலாமா?

கூடாது. செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டுகூடக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குரிய அதே பாதுகாப்பில் இருக்கின்றன. போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்யும்போது பிடிபடும். நீருக்கடியிலும் தொடாதீர்கள், அதன்மேல் நிற்காதீர்கள். உங்கள் ஃபின் உடைக்கும் ஒரு கிளை வளரப் பல வருடம் ஆகியிருக்கும்.

ஏதாவது கொட்டிவிட்டால்?

கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் (45 டிகிரிக்கு மேல் போகாமல்) வெந்நீரில் குத்திய இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வலியில் சூடு தெரியாது, வேறொருவர் கையை விட்டுப் பார்க்கட்டும். பவளம் கீறினால் நன்னீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், உள்ளே துகள் தங்கினால் சீழ் பிடிக்கும். அந்தமானில் முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் கால்கூட நனைக்காதீர்கள்.

ஊருக்கு வந்தபின் மூட்டு வலி, மரத்துப்போதல் வந்தால்?

பயணக் களைப்பு என்று தூங்கிவிடாதீர்கள். அறிகுறி பெரும்பாலும் முதல் நாளுக்குள் தெரியும். தோள், முழங்கை, முழங்கால் வலி, கைகால் ஊசி குத்துவதுபோல் இருப்பது, தோலில் திட்டுத்திட்டான தடிப்பு, தலைசுற்றல், சிறுநீர் கழிக்க முடியாமல் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுப்பதே முதல் சிகிச்சை, பிறகு ரீகம்ப்ரஷன் சேம்பர் (நோயாளியை மறுபடி அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் அறை) உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நம் ஊர் அவசரப் பிரிவில் டைவிங் கேஸ் வருவது அரிது, நீங்களாகச் சொல்லாவிட்டால் டாக்டர் யூகிக்க வழியில்லை. 'ஸ்கூபா டைவ் செய்தேன், டிகம்ப்ரஷனாக இருக்கலாம்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எத்தனை டைவ், அதிகபட்ச ஆழம், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், கடைசி டைவ் முடிந்த மணி, அதன்பின் விமானமோ மலையோ ஏறிய மணி, வலி தொடங்கிய மணி ஆகியவற்றை டைவ் முடித்த அன்றே ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள். டைவ் சென்டரின் போன் எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.